நிறுத்தலும் முகத்தலும்

விடியும்போதே அழுகிய முட்டை வாடை.
ஸ்வாகோப்முண்டில் ஜன்னல்களைச் சாத்துகிறார்கள்,
வெள்ளிக் கரண்டிகள் கறுக்காமல் துணியில் சுற்றுகிறார்கள்.
நான் மட்டும் திறந்து வைத்து
மூக்கால் ஒருமுறை அளந்துகொள்கிறேன்.
கடலடிச் சேறு இரவில் கந்தகம் கக்கியிருக்கிறது.
தண்ணீர் பால் கலந்த பச்சை.
நாக்கு மீன்கள் நுரைவரை வந்து வாய் பிளக்க
வாளியோடு ஓடுகிறார்கள் சிலர்.

மேசையில் வரைபடம்.
கேப்டவுனிலிருந்து ரித்வான் அனுப்பியது,
மூன்று நாட்டுக் கடலும் முதன்முறையாக ஒரே தாளில்.
ஆக்சிஜன் குறைந்த இடம் சிவப்பு,
நிறைந்த இடம் நீலம்.
குனேனே ஆறு கடலில் விழும் இடத்தில்
சிவப்பு சட்டென்று நிற்கிறது,
யாரோ ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல.
மேலே அங்கோலா, நீலமாக.
கீழே நாங்கள்.

கடலுக்குள் ஒரு மதில்.
எங்கள் அமைச்சகம் அதை நம்பியது:
அவர்கள் மீனுக்கு நல்ல மூச்சு, நாம்தான் நோயாளி.
லுவாண்டாவும் நம்பியது:
நோயே இல்லாத வீட்டில் வைத்தியருக்கு என்ன வேலை?
எனக்கு மட்டும் உறுத்தல்.
தாள் மடித்த இடத்தில்
நீரோட்டம் மடங்குமா?

கப்பலுக்கு அனுமதி வரவில்லை. எட்டு வாரம்.
ஒரு கையெழுத்து குறைகிறதாம்.
மொசாமெதெஸ் நகரத்து டொமிங்காஸ்
மீன்பிடிப் படகில் போனாள்.
ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு குப்பி,
ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு.
உப்பும் காரமும் இட்டு இறுக்கி மூடினாள்.
உள்ளே தவிட்டு நிறத் திட்டாக
உறைந்து கிடந்தது கடலின் மூச்சு.
லாரியில், லுபாங்கோ வழியாக, இரண்டு நாள்.

எல்லைச் சாவடியில் மூடியைத் திருகப் போனார் சுங்க அதிகாரி.
"திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் பொய் சொல்லும்."
"என்ன இது?"
"கடல் தண்ணீர்."
"ஏன், உங்களிடம் கடல் இல்லையா?"
வரிசை முழுக்கச் சிரித்தது,
ஆடுகளோடு நின்ற ஆள்கூட.
பொருளின் மதிப்பு என்றொரு கட்டம். சைபர் போட்டேன்.

ஆய்வறையில் கஞ்சிப்பசை ஒரு சொட்டு.
குப்பி கருநீலமாகிறது.
பிறகு கண்ணாடிக் குழாயிலிருந்து
சொட்டுச் சொட்டாக அந்த நீலத்தைக் கழுவ வேண்டும்.
எத்தனை சொட்டில் வெளுக்கிறதோ
அத்தனை மூச்சு அந்தத் தண்ணீரில் இருந்தது.
சீக்கிரம் வெளுத்தது.
அடுத்ததும்.
எட்டாவதும்.

தொலைபேசியில் அவள் தன் எண்களைச் சொன்னாள்,
நான் என்னுடையதை.
ஒரே தண்ணீர், ஒரே நாள்.
அவளுடையது ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு,
எட்டுக் குப்பியிலும் அதே மடங்கு.
தவறு இவ்வளவு ஒழுங்காக நடக்காது.
அவள்தான் கேட்டாள்:
"நீ எழுதுவது மில்லிகிராமா?"
"மில்லிலிட்டர்."

அவள் நிறுத்திருக்கிறாள்.
நான் முகந்திருக்கிறேன்.
பதினோரு வருடம்.
அலகு என்றொரு கட்டம் படிவத்தில் இருக்கத்தான் இருந்தது.
இது யாருக்குத் தெரியாது என்று
இருவருமே காலியாக விட்டிருந்தோம்.

அன்று மாலை மதில் விழுந்தது.
சத்தமில்லை. ரித்வான் ஒரு வரியைத் திருத்தினான், அவ்வளவே.
அந்தப் பக்கம் டொமிங்காஸ் ஏதோ பாட்டில் திறப்பது கேட்டது,
தம்ளர் வைப்பதும்.
பிறகு புதுப் படம் வந்தது.
ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.

நீலம் இல்லை.
சிவப்பு அவள் கரையில் இறங்கி
ஆற்றுமுகத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் தாண்டி
என் ஜன்னல்வரை நாக்கு நீட்டியிருந்தது.

"எங்களிடமிருந்துதான் வருகிறது," என்றாள்.
"உங்களிடமும் எங்கிருந்தோ வந்ததுதானே," என்றேன்.
ஆறுதலாகச் சொல்லவில்லை.
அடுத்து அளக்க வேண்டிய இடம் அது.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்,
அடுத்த மாதம் எவ்வளவு அனுப்பட்டும் என்று.
"நாற்பது."
"அலகு?" என்றாள்.